மூன்று மாதம் சிவக்காத கண்

என் வலது கண்ணுக்கு இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரியும். ஜன்னல் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று கேட்டால் சொல்வேன். ஜன்னல் பக்கத்தில் நிற்பது ஆணா பெண்ணா என்று கேட்டால் தெரியாது. இடது கண்ணை வைத்துத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பார்க்கிறவர்கள், பாவம், விதி என்று உச்சுக் கொட்டுவார்கள். விதியாவது மண்ணாவது. அந்தக் கண் எப்படிப் போனது என்று எனக்கு நாள் வாரியாகத் தெரியும். படிக்கிற சொந்தக்காரர்கள் யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு இருபத்திரண்டு வயது. வீடு சமயநல்லூரில். அம்மா நான் ஐந்தாவது படிக்கும்போதே இறந்துவிட்டாள். வீட்டில் அப்பாவும் நானும்தான். அப்பா மதுரை பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பார்ப்பது அவர் வேலை. ஒரு நிமிஷம் முன்னால் எடுக்கப் பார்க்கிற டிரைவரையும் விசில் ஊதி நிறுத்திவிடுவார். அண்ணே, ஒரு நிமிசந்தானே என்று கெஞ்சினால், ஒரு நிமிசந்தானே, நின்னுட்டுப் போ என்பார். நான் காளவாசலில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பதினாறு மெஷின், காலை ஆறு மணிக்கு முதல் பேட்ச்.

ஒரு நாள் வலது கண் சிவந்தது. மெட்ராஸ் ஐ என்று நினைத்தோம். பக்கத்து வீட்டு அக்கா பிள்ளை பெற்றிருந்தாள், அவளிடம் தாய்ப்பால் வாங்கி விடச் சொன்னார்கள், விட்டேன். ஒரு வாரமாகியும் போகவில்லை. பூளை இல்லை, உறுத்தல் இல்லை. ஆனால் வெயிலைப் பார்த்தால் கண்ணுக்குப் பின்னால் குத்தி எடுத்தது. பத்தாம் நாள் அப்பா லீவு போட்டு என்னைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

அங்கே ஒரு டாக்டரம்மா. சிரிக்கவே மாட்டார். தாடையை வைக்கச் சொல்லிக் கருவியில் பார்த்துவிட்டு, இது மெட்ராஸ் ஐ இல்லை என்றார். கண்ணுக்கு வெளியே வருகிற நோய் அது, ஒரு வாரத்தில் போய்விடும். உனக்குக் கண்ணுக்கு உள்ளேயே வீக்கம், யூவியைட்டிஸ் என்று பெயர், இது போகும், திரும்ப வரும், சொல்லாமல் வரும் என்றார். ஸ்டீராய்டு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, மணிக்கு ஒரு தடவை விட வேண்டும், தவறவே கூடாது என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

சொன்னதும் சொன்னார், ஆள் பார்த்துத்தான் சொன்னார். மணிக்கு ஒரு தடவை என்றால் அப்பாவுக்கு மணிக்கு ஒரு தடவைதான். அவர் வீட்டில் இருக்கிற நேரத்தில் ஒரு சொட்டு ஒரு நிமிஷம் தள்ளிப் போனதில்லை. நான் இன்ஸ்டிட்யூட்டில் இருந்தால், சாப்பாட்டு நேரத்தில் டவுன் பஸ் ஏறிக் காளவாசலுக்கு வந்துவிடுவார். மாடிப்படியில் உட்கார்ந்து நான் தலையை நிமிர்த்த, அவர் இமையைப் பிதுக்கி ஒரு சொட்டு விடுவார். மெஷின் அடிக்கிற பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். டைம்கீப்பர் வந்துட்டாரு டீச்சர் என்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும், பெருமையாகவும் இருக்கும். உள்ளதைச் சொன்னால், அந்த இரண்டு வருஷத்தில் அப்பா என்னைப் பார்த்துக்கொண்டதைப் போல எந்த அம்மாவும் பார்த்திருக்க மாட்டாள். அதனால்தான் எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது.

இரண்டு வருஷத்தில் நான்கு தடவை வந்தது. நான்கு தடவையும் அடக்கினோம். ஆனால் கண்மணி நடுவில் வெள்ளை விழ ஆரம்பித்தது. கண்புரை வயதானவர்களுக்கு வரும் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன், இருபத்து நாலு வயதில் எனக்கு எதற்கு என்று டாக்டரம்மாவிடம் சண்டைக்குப் போகாத குறையாகக் கேட்டேன். வீக்கத்தாலும் வரும், அடக்கப் போடுகிற மருந்தாலும் வரும், ஆனால் மருந்து போடாவிட்டால் கண்ணே போயிருக்கும் என்றார். ஆபரேஷன் செய்தால் பார்வை வரும் என்றும் சொன்னார். ஆனால் ஒரு நிபந்தனை. மூன்று மாதம் முழுதாகக் கண் சிவக்காமல் அமைதியாக இருக்க வேண்டும். வெளியே சிவப்பு இல்லை என்றால் போதாது, கருவியில் பார்த்தால் உள்ளேயும் சுத்தமாக இருக்க வேண்டும். அப்புறம் ஆபரேஷனுக்கு முன்னாலேயே மாத்திரை ஆரம்பித்து, அதன் பிறகுதான் கத்தி. வீக்கம் அடங்காத கண்ணில் கை வைத்தால் கண் பொங்கிவிடும் என்றார்.

நான் நாள்காட்டியில் எண்ண ஆரம்பித்தேன். முதல் தடவை நாற்பதாம் நாளில் சிவந்துவிட்டது. திரும்ப ஒன்றிலிருந்து எண்ணினேன். அந்த நேரத்தில்தான் அந்த வரன் வந்தது.

மாப்பிள்ளை மஸ்கட்டில் வேலை. திண்டுக்கல் பக்கத்துக் குடும்பம். தை மாதம் நாற்பத்தைந்து நாள் லீவில் வருகிறார், வந்து கல்யாணத்தை முடித்துவிட்டுத் திரும்பப் போக வேண்டும் என்றார்கள். அப்பா போட்டோ அனுப்பினார். ஸ்டுடியோக்காரர் கண்ணில் இருந்த வெள்ளையை மையால் தொட்டுச் சரி செய்து கொடுத்திருந்தார். பெண் பார்க்க வந்த அன்று அப்பா என்னை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தார். முகம் இருட்டில் இருக்குமாம். முந்தைய தடவை கண் சிவந்தபோது கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையில் என் முகம் உப்பியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா என் கன்னத்தைத் தொட்டு, பொண்ணு நல்லா பூரிப்பா இருக்கா என்று சந்தோஷப்பட்டார். நான் குனிந்துகொண்டேன். வெட்கம் என்று நினைத்திருப்பார்.

முகூர்த்தப் புடவை எடுக்க மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மதுரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கடையில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புடவையை மேலே போட்டுப் பார்ப்பார்கள். அங்கே ஜன்னலுக்கு முதுகு காட்ட முடியாது. அதற்குள் வெள்ளை போக வேண்டும். அப்பாவுக்கு அதுதான் கவலை. அன்றைக்கு என் கண் சிவக்காமல் இருந்தது முப்பத்தொன்பது நாள்.

அப்பா என்னைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் முன்னதாகவே ஆபரேஷன் செய்ய முடியுமா என்று கேட்டார். எனக்குக் கண்மணியை விரியவைக்கிற சொட்டு விட்டு வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அப்பா மட்டும் உள்ளே போனார். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரம் இருக்கும். வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மூணு மாசம்ங்கிறது சும்மா ஒரு ஜாக்கிரதைக்குத்தான் தாயி. இங்க கூட்டம் சாஸ்தி, தேதி கிடைக்காது. அவசரம்னா வெளியில பண்ணிக்கலாம்னுட்டாங்க."

அவ்வளவுதானா என்று கேட்டேன். அம்புட்டுத்தான் என்றார். சொட்டு மருந்தை ஒரு நிமிஷம் தவறவிடாத மனுஷர் சொல்கிறார், நான் எதற்குச் சந்தேகப்படப் போகிறேன்?

காளவாசலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோம். போகிற வழியில் அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். பழைய கதையெல்லாம் அவிழ்க்க வேண்டாம், புது டாக்டர் பயந்துகொண்டு நாள் கடத்துவார், பேச வேண்டியதை நான் பேசிக்கொள்கிறேன் என்றார். அந்த டாக்டர் நல்ல மனுஷர், வயதானவர். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு வருத்தமும் கிடையாது. கண்ணைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். கண்மணி சரியாக விரியவில்லை, பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இந்த வயதில் ஏன் புரை என்று கேட்டார். அப்பா வாயைத் திறந்து, சின்ன வயதில் கிரிக்கெட் பந்து அடித்தது என்றார். நான் வாழ்க்கையில் பந்தையே தொட்டதில்லை.

டாக்டர் விடவில்லை. இந்த முறை என்னைப் பார்த்தே கேட்டார்.

"ஏம்மா, இதுக்கு முன்னாடி கண்ணு செவந்து, வலிச்சு, வைத்தியம் எதுவும் பாத்திருக்கியா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சுவரில் மாட்டியிருந்த கண் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று தலையை ஆட்டினேன். எனக்கும் வாய் இருந்தது. மற்ற நேரமெல்லாம் ஊருக்கே கேட்கிற வாய். அன்றைக்கு அது ஒட்டிக்கொண்டது. என் பங்கை நான் மறைக்கவில்லை, ஆனால் நான் தலையாட்டியது அப்பா சொன்னதை நம்பி. அதை மறந்துவிட வேண்டாம்.

ஆபரேஷன் நடந்தது. லென்ஸ் வைத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று பட்ட சந்தோஷத்தை மறைத்து என்ன ஆகப் போகிறது? நர்சிங் ஹோம் வாசலில் நின்றே எதிரே வந்த பஸ்ஸின் போர்டைப் படித்தேன். டீக்கடையில் தொங்கிய வாழைப்பழத்தில் புள்ளி தெரிந்தது. அப்பா கண் கலங்கி, முகத்தைத் திருப்பித் துண்டால் துடைத்துக்கொண்டார். புடவை எடுக்கிற அன்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் என் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. அரக்கு நிறத்தில் எடுத்தோம். ஒன்பது நாள் அந்தக் கண் எனக்கு வேலை செய்தது.

பத்தாம் நாள் காலை பொங்கிவிட்டது. பொங்கும் என்று டாக்டரம்மா சொன்ன வார்த்தையின் அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. நர்சிங் ஹோம் டாக்டர் கருவியில் பார்த்துவிட்டுப் பதறிப் போனார். லென்ஸின் மேல் சவ்வு மாதிரிப் படர்ந்திருக்கிறது, வெறும் அடிபட்ட கண் இப்படிச் செய்யாதே என்றார். முன்னால் எதுவும் இல்லையென்று உறுதியாகத் தெரியுமா என்று திரும்பக் கேட்டார். அப்பா திரும்பவும் இல்லை என்றார். கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்தது. பழைய கண்ணாஸ்பத்திரிக்கே போய்விடுவோம் என்று நான் அழுதேன். அங்க போனா திட்டுவாங்க தாயி என்றார் அப்பா.

மாப்பிள்ளை வீட்டாருக்கு மெட்ராஸ் ஐ என்று சொல்லி அனுப்பினார். அதுதான் அவருடைய சாமர்த்தியம். மெட்ராஸ் ஐ வந்தவள் கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று ஊரே நம்புகிறதே! மண்டபத்தில் முந்நூறு பேர் வந்தார்கள், ஒருவரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. மேடைக்கு வந்து பரிசைக் கொடுத்துவிட்டு என் காதைப் பார்த்து நல்லா இரும்மா என்றார்கள். போட்டோகிராபர்கூடக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். தாலி கட்டும்போது மாப்பிள்ளை மட்டும் குனிந்து, ரொம்ப வலிக்குதா என்று கேட்டார். அன்றைக்கு என்னை அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அவரிடம் எத்தனை நாள் மறைக்க முடியும்? பத்து நாள் கழித்து எல்லாவற்றையும் சொன்னேன். சண்டை போடுவார், பெட்டியைக் கட்டச் சொல்வார் என்று தயாராக இருந்தேன். "சொல்லியிருந்தா லீவை அடுத்த வருசத்துக்குத் தள்ளியிருப்பேன்ல. எனக்கென்ன பஸ்ஸா போயிரப் போகுது?" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஆனால் அப்போதும் நான் அப்பாவைத்தான் தாங்கினேன். அப்பாவுக்குத் தெரியாதுங்க, டாக்டர் அவரிடம் சரியாகச் சொல்லவில்லை என்றேன். அடுத்த எட்டு வருஷம் கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன். அந்த டாக்டரம்மாவைத் திட்டாத நாள் இல்லை. விவரமாகச் சொல்லியிருந்தால் எங்கப்பா செய்திருப்பாரா என்று புலம்புவேன்.

வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்தார், வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். நான் பெரும்பாலும் அப்பா வீட்டில்தான். அப்பா என்னைத் திருச்சிக்குக் கூட்டிப் போனார், கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போனார். மதுரைக்கு எங்கிருந்தெல்லாமோ கண் காட்ட ஆள் வருகிறது, நாங்கள் மதுரையை விட்டு வெளியே ஓடினோம். நல்ல டாக்டராகத் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். மடச்சி. சவ்வு தடித்தது, கண்ணுக்குள் அழுத்தம் இறங்கியது, கண் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. ஐந்தாவது வருஷம் வெளிச்சம் மட்டும் மிச்சம்.

அப்புறம் இடது கண் சிவந்தது. அதே நோய், அதே சொட்டு, அதே வெள்ளை. இந்த முறை வீட்டுக்காரர் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், கோயம்புத்தூரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், முதலில் பார்த்த ஆஸ்பத்திரிக்கே போ என்று. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அங்கே போய் என்ன புதிதாகச் சொல்லப் போகிறார்கள் என்று முனகினார். நான் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் அதற்குள் மாட்டுத்தாவணிக்கு மாறியிருந்தது. அங்கே இறங்கி இன்னொரு டவுன் பஸ் பிடித்துத் தனியாகவே போனேன்.

பழைய சீட்டு தொலைந்துவிட்டது. இனிஷியலும் மாறிவிட்டதால் பழைய ஃபைல் உடனே கிடைக்கவில்லை. புதுச் சீட்டுப் போட்டார்கள். டாக்டரம்மா ஓய்வு பெற்றுவிட்டாராம். இப்போது இருந்தவர் ஒரு இளம் டாக்டர். அவர் கேட்பதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். பந்துப் பொய்யையும் சொன்னேன். மூன்று மாதம் என்றார் அவரும். எண்ணினேன். இந்தத் தடவை இருபதாம் நாளில் ஒரு தடவை உடைந்து, மறுபடி எண்ணி, தொண்ணூறும் தாண்டியது. மாத்திரை ஆரம்பித்தார்கள். அட்மிட் ஆக வரச் சொன்ன அன்று, துணைக்கு ஆள் வேண்டும் என்பதால் அப்பாவும் வந்தார். ஃபிளாஸ்க்கில் காபி எடுத்துக்கொண்டு, எனக்கு முன்னால் விறுவிறு என்று நடந்தார்.

கடைசியாக ஒரு தடவை கண்ணைப் பார்ப்பதற்காக என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரின் மேஜையில் ஓரம் பழுத்த ஒரு ஃபைல் இருந்தது. ரெக்கார்டு ரூமில் தேடி அன்றைக்குக் காலையில்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றார்.

"நீங்க டாக்டர் எதுவும் சொல்லலைன்னு சொன்னீங்க இல்ல? இங்க தெளிவா எழுதியிருக்காங்களே. இப்ப ஆபரேஷன் பண்ணினா அந்தக் கண்ணுல பார்வை போயிரலாம், எங்கேயும் பண்ணக் கூடாதுன்னு உங்க அப்பாகிட்ட சொல்லியிருக்காங்க. புரிஞ்சதுன்னு அவரு கையெழுத்துப் போட்டிருக்காரு."

ஃபைலை என் பக்கம் திருப்பினார். இங்கிலீஷில் எழுதியிருந்தது எனக்கு மங்கலாகத் தெரிந்தது. அதற்குக் கீழே தமிழில், எனக்கு விளக்கிச் சொல்லப்பட்டது என்று எழுதி ஒரு கையெழுத்து. கிட்டே வைத்துப் பார்த்தேன். என் மார்க்ஷீட்டுகளில் வருஷா வருஷம் இருந்த கையெழுத்து. தேதி, நான் கண்ணை மூடிக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தேதி.

எட்டு வருஷமாக அந்த டாக்டரம்மாவைத் திட்டியிருக்கிறேனே என்றுதான் முதலில் தோன்றியது. வெளியே வந்தேன். அப்பா காரிடாரில் உட்கார்ந்து ஃபிளாஸ்க் மூடியில் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்தம்மா உங்களிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். எந்தம்மா என்றார். கையெழுத்தைப் பார்த்துவிட்டேன் என்றேன்.

மூடியைக் கீழே வைத்தார். தெரியாமல் போட்டுவிட்டேன் என்பார், பயந்துபோய் மறைத்தேன் என்பார், ஏதாவது ஒரு பொய்யாவது சொல்வார் என்று நின்றேன். சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். எனக்கு நம்பிப் பழக்கம். அவர் பஸ் நேரம் கேட்டவனுக்குப் பதில் சொல்கிற குரலில் சொன்னார்.

"உனக்குக் கண்ணு ரெண்டு இருந்துச்சு தாயி. வரன் ஒண்ணுதான் வந்துச்சு."

அவர் யோசித்துத்தான் செய்திருக்கிறார். அந்தக் கால் மணி நேரத்தில் உட்கார்ந்து, இது போனால் போகட்டும், இன்னொன்று இருக்கிறது என்று முடிவு கட்டி, வெளியே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, தாயி என்று கூப்பிட்டிருக்கிறார். என்னிடம் கேட்டிருக்கலாம். கண்ணா கல்யாணமா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் கண்தானே அது. ஒருவேளை நானே கல்யாணம் என்றுகூடச் சொல்லியிருப்பேன், அந்த வயதில் யார் கண்டார்கள்? இதையெல்லாம் அவரிடம் சொல்ல நினைத்தேன்.

அதற்குள் நர்ஸ் அட்மிஷன் ஃபாரத்தோடு வந்துவிட்டார். பெயர், வயது, ஊர் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டே வந்து, ஆபரேஷனுக்குத் துணையாள் கையெழுத்து வேண்டும் என்றார். அப்பா எழுந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"கூட வந்திருக்கிறது யாரும்மா?" என்று நர்ஸ் என்னைக் கேட்டார்.

"யாரும் இல்ல சிஸ்டர்," என்றேன். "தனியாத்தான் வந்திருக்கேன்."

நர்ஸ் என்னையும் பார்த்தார், பேனாவோடு பக்கத்தில் நின்றவரையும் பார்த்தார். அப்புறம் ஃபாரத்தை என் பக்கம் நீட்டி, அப்ப நீங்களே போடுங்க என்றார். போட்டேன்.